‘கேஷ்’ நம்ம காசுதானா? கேள்வி பதில்

கே: ‘கேஷ்’ நம்ம ‘காசு’தானே சார்?

ப: இல்லை. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷுக்கு வேர், லத்தீன் ‘கப்ஸா’. பெட்டி என்று பொருள். இத்தாலியில் ‘காஸ்ஸா’, பிரெஞ்சில் ‘கெஸ்’. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பணப்பெட்டிக்கும் அதே பெயர். போகப்போகப் பெட்டி விலகி, உள்ளே இருந்த பணத்துக்கே பெயர் நிலைத்தது. “நல்லா கல்லா கட்டிட்டான்” என்கிறோமே, அங்கேயும் கல்லா என்பது பெட்டியா, பணமா?

கே: கம்ப்யூட்டர் தகவலைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ‘கேஷ்’ (cache)?

ப: வேறு சொல். பிரெஞ்சில் ‘ஒளித்துவை’. தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். ஒலி ஒத்தால் உறவாகாது.

கே: கேஷ்யூ, அதாவது முந்திரி?

ப: பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. பணத்தோடு உறவு விலையில் மட்டும்.

கே: ஆங்கில அகராதியிலேயே ‘தமிழ் காசு’ என்று இருக்கிறதே! நானே பார்த்தேன்.

ப: சரியாகப் பார்த்தீர்கள், பாதிதான் பார்த்தீர்கள். அகராதியில் கேஷ் இரண்டு முறை வரும். இரண்டாவது, கீழை நாடுகளின் சின்ன நாணயம். அது நம் காசேதான். இங்கே ஒரு வேடிக்கை: காசு போர்ச்சுகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆனது. அவர்கள் மொழியில் காய்ஷா என்றால் பெட்டி. அதற்கு வேர் அதே கப்ஸா! ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கி, சீனரின் சதுர ஓட்டைச் செப்புக் காசுக்கும் சூட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 கேஷ் ஒரு ‘பணம்’ என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். திருவிதாங்கூரில் 16 கேஷ் ஒரு ‘சக்கரம்’ என்ற நாணயம்.

கே: அப்படியானால் காசுதான் மூலம். ஒப்புக்கொண்டீர்கள்!

ப: சில்லறை நாணயத்துக்கு மட்டும். ரொக்கத்துக்கு இல்லை.

கே: ராஜராஜன் கல்வெட்டிலேயே காசு இருக்கிறது. ஆங்கிலத்தில் கேஷ் வருவதற்கு 500 வருஷத்துக்கும் மேல் முந்தி. எது மூத்தது?

ப: காசுதான் மூத்தது. மூத்தவரெல்லாம் அப்பா ஆகிவிட முடியுமா? இரவல் என்றால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்ட வேண்டும். கட்டுமரத்துக்கும் சுருட்டுக்கும் அதைக் காட்டலாம். ஆங்கிலத்தின் கேட்டமரான், செரூட் இரண்டும் நம்முடையவை. பெட்டிக்காரக் கேஷுக்கு வழி நெடுக ஐரோப்பியத் தடம்தான்.

கே: கேஷியர்?

ப: பெட்டிக்குப் பொறுப்பானவர். ராணுவத்தில் ஒருவரைக் ‘கேஷியர்’ செய்தால் மட்டும் பதவியைப் பறித்தார்கள் என்று அர்த்தம். அது டச்சு வழி வந்த வேறு சொல்.

கே: பணத்தைக் குறிக்கும் ஆங்கில ‘மணி’ எங்கிருந்து?

ப: ரோமில் ஜூனோ மொனேட்டா என்ற தெய்வத்தின் கோயில், பக்கத்தில் நாணயச்சாலை. அந்த மொனேட்டாவிலிருந்துதான். மீதி இன்னொரு நாள்.

கே: இப்போதுதான் வந்தேன் சார். கேஷ், காசு...

ப: முதல் கேள்வி. பிறகு நான்காவது. அதே வரிசையில்.