ஒரே மேக்ரோ, வேறு வேறு கம்பைலர்: கேள்வி பதில்

மைக்ரோகண்ட்ரோலருக்கு சி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் கேட்ட சில கேள்விகள் இங்கே. மேக்ரோ என்பது #டிஃபைன் போட்டு ஒரு நிரல் துண்டுக்கு வைக்கும் பெயர்; கம்பைல் ஆகும் முன்பே அந்தப் பெயர் இருக்கும் இடத்தில் துண்டு வந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பெயர்களை வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மோட்டார் வேகத்துக்கு ஸ்லோ, ஃபாஸ்ட் என்று எனம் (பெயர் வைத்த எண்களின் பட்டியல்) வைத்திருக்கிறேன். 'மோடு' மேக்ரோவின் மதிப்பு ஸ்லோ. ஆனாலும் '#இஃப் மோடு == ஃபாஸ்ட்' பகுதிதான் கம்பைல் ஆகிறது. ஜிசிசி கம்பைலரில் பக் இருக்கிறதா சார்?

பதில்: ஜிசிசி பாவம், அதை விட்டுவிடுங்கள். கம்பைலருக்கு முன்னால் ஓடி மேக்ரோவையும் #இஃப்பையும் கவனிக்கும் ப்ரீபிராசஸருக்கு எனம் என்றால் என்னவென்றே தெரியாது. மேக்ரோவாக இல்லாத பெயர் #இஃப் வரியில் வந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது சி தரநிலை. ஸ்லோவும் 0, ஃபாஸ்ட்டும் 0. அப்புறம் 0 == 0 உண்மைதானே? எந்தக் கம்பைலருக்குப் போனாலும் இதே கதைதான்.

எழுத்துப்பிழையும் இப்படித்தான் சத்தமில்லாமல் தப்பிவிடும். வாட்ச்டாக் மேக்ரோவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு, போர்டைத் திட்டிக்கொண்டே இரண்டு நாள் அலைந்தவன் நான். ஜிசிசி, கிளாங் (இன்னொரு கம்பைலர்) இரண்டிலும் '-டபிள்யூ அன்டெஃப்' என்ற எச்சரிக்கை உண்டு. '-டபிள்யூ ஆல்' போட்டாலும் அது கூடவே வந்துவிடாது. தனியாகக் கொடுக்க வேண்டும். #இஃப்பில் ஒப்பிட வேண்டிய மதிப்புகளை எனத்தில் வைக்காமல் #டிஃபைன் செய்துவிடுங்கள்.

கேள்வி: 'டிக்ஸ்' என்ற மேக்ரோ 300 * 200. '#இஃப் டிக்ஸ் > 50000' சரியாக வேலை செய்கிறது. அதையே லாங் (பெரிய முழு எண்) மாறியில் போட்டு அச்சிட்டால் அர்டுயினோ ஊனோவில் -5536 வருகிறது. ஆர்ம் போர்டில் 60000. எது சரி?

பதில்: இங்கே கணக்குப் போடுவது இரண்டு பேர். #இஃப் வரியில் ப்ரீபிராசஸர் போடுகிறது. சி89 படி அது லாங் அளவில், சி99 முதல் குறைந்தது 64 பிட்டில். சிப்பில் இன்ட் (சாதாரண முழு எண்) எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதே இல்லை. நிரலுக்குள் போடுவது கம்பைலர். ஊனோவுக்கான ஏவிஆர்-ஜிசிசியில் இன்ட் 16 பிட், உச்சம் 32767. லாங் மாறிதானே என்று நினைக்கலாம். மாறிக்குப் போகும் முன்பே பெருக்கல் இன்ட்டில் முடிந்துவிடுகிறது. 60000-இலிருந்து 65536-ஐக் கழித்தால் -5536. அந்த எண்ணையும் நம்பாதீர்கள், குறியுள்ள இன்ட் வழிந்தால் என்ன ஆகும் என்று தரநிலை எதுவும் உறுதி தரவில்லை. 300-க்குப் பின்னால் யூஎல் (அன்சைன்ட் லாங்) சேர்த்து, முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

கேள்வி: ஆர்ம் கம்பைலர் 5-இலிருந்து 6-க்கு மாறினோம். கம்பைலரைக் கண்டுபிடிக்கும் #இஃப் வரிசை இப்போது ஜிசிசி கிளைக்குள் போகிறது. ஏன்?

பதில்: 6 என்பது கிளாங்கை வைத்துக் கட்டியது. கிளாங், ஜிசிசி மாதிரி நடந்துகொள்வதற்காக ஜிசிசியின் அடையாளமான ஜிஎன்யூசி மேக்ரோவைத் தானும் வரையறுக்கும். 5-இல் இருந்த சிசி_ஆர்ம் மேக்ரோ 6-இல் கிடையாது. ஆகவே ஆர்ம்சிசி_வெர்ஷனை முதலில் பாருங்கள், ஜிஎன்யூசியைக் கடைசியில் வையுங்கள். ஆர்மின் சிஎம்சிஸ் ஹெடரிலும் ஜிஎன்யூசி சோதனை ஆர்ம் கம்பைலர்களுக்குப் பிறகுதான் வரும்.

கேள்வி: ஒரு செய்தியும், அதன் பின்னால் எத்தனை மதிப்பும் வாங்கும் லாக் மேக்ரோவுக்குச் செய்தி மட்டும் கொடுத்தால் ஒரு கமா மிஞ்சி நிற்கிறது.

பதில்: கமாவுக்கும் விஏ_ஆர்க்ஸுக்கும் (மேக்ரோவில் மூன்று புள்ளி வழியாக வரும் மதிப்புகள்) நடுவே ## போட்டால் கமாவை விழுங்குவது ஜிஎன்யூ நீட்டிப்பு. எல்லாக் கம்பைலரும் அதை ஏற்காது. சி23-இல் இதற்கென்றே விஏ_ஆப்ட் வந்துவிட்டது, ஜிசிசி 8 முதல் இருக்கிறது. பழைய கம்பைலர் என்றால் செய்தியையும் மூன்று புள்ளிக்குள்ளேயே அடக்கிவிடுங்கள். கமா பிரச்சினையே வராது.

கேள்வி: மேக்ரோவுக்குள் #ப்ராக்மா (கம்பைலருக்கான தனிக் கட்டளை) போட முடியவில்லையே?

பதில்: முடியாது. சி99-இன் அடிக்கோடு ப்ராக்மா ஆபரேட்டரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மேக்ரோ என்னவாக விரிந்தது என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?

பதில்: ஜிசிசியில் '-ஈ'. கூடவே '-டிஎம்' சேர்த்தால், விரிந்த நிரலுக்குப் பதிலாக மேக்ரோக்களின் பட்டியல் வரும்; கம்பைலர் தானாக வரையறுத்தவையும் அதில் வந்துவிடும். இரண்டு கம்பைலரிலும் எடுத்து டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். '-ஈ' மட்டும் போடும்போது ஹெடர்கள் கொட்டும் ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து மிரள வேண்டாம், உங்கள் நிரல் அந்த வெளியீட்டின் கடைசியில்தான் இருக்கும்.