காம்பொனென்ட் சந்தை: கமிஷனுக்கு முன் தீர்க்க வேண்டியவை

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, டெவலப்பர்கள் எழுதிய மென்பொருள் காம்பொனென்ட்களை (வேறு மென்பொருளில் பொருத்திக்கொள்ளும் தயார் நிரல் துண்டுகளை) விற்க ஓர் இணையச் சந்தை கட்டுகிறோம். லாகின், பில்லிங், ரிப்போர்ட் என எந்த மொழியில் எழுதியதும் அங்கே கிடைக்க வேண்டும் என்பது ஆசை. தேடல், பணம் செலுத்தும் வசதி, ரேட்டிங் எல்லாம் தயார். 30 சதவீத கமிஷன் வைக்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கமிஷனை முதலில் முடித்துவிடுவோம். யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளுக்கான பொருள்களை விற்கும் யூனிட்டி அசெட் ஸ்டோரும் விற்பவருக்கு 70, தனக்கு 30 என்றுதான் பிரிக்கிறது. ஆனால் 2010-இல் அந்தக் கடை திறந்தபோதே யூனிட்டியைப் பயன்படுத்துவோர் கூட்டம் ஒன்று அதற்கு இருந்தது. உங்களுக்கு அது இல்லை. முதல் ஆண்டு குறைவாக வாங்குங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது ‘எந்த மொழியில் எழுதியதும்’ என்ற ஆசைதான். கணினி அறிஞர் டக் மெக்கில்ராய் 1968-இலேயே ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த மென்பொருள் மாநாட்டில் காம்பொனென்ட் சந்தை பற்றிப் பேசினார். ஒரே சைன் கணக்குக்கு வேகம், துல்லியம் எனத் தேவைக்கேற்ற ரகங்களைப் பட்டியலில் பார்த்து வாங்க வேண்டும் என்றார். அந்தக் கனவு 1990-களில் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவியான விஷுவல் பேசிக்கைச் சுற்றித்தான் நல்ல வியாபாரமானது. அட்டவணை காட்டும் கிரிட், வரைபடம் காட்டும் சார்ட் போன்ற கன்ட்ரோல்களை எவர் எழுதியிருந்தாலும், வாங்கியவர் அவற்றைத் தன் ஃபார்மில் (மென்பொருளின் திரையில்) இழுத்துப் போட்டால் வேலை செய்தன. எல்லோரும் ஒரே அச்சில் வார்த்திருந்தார்கள். நீங்களும் ஒரே ஒரு ஃப்ரேம்வொர்க்கை (மென்பொருளைக் கட்டும் அடிப்படைச் சட்டகத்தை) தேர்ந்தெடுங்கள். உங்கள் கையாலேயே நிறுவிப் பார்த்த இருபது காம்பொனென்ட்களோடு சந்தையைத் திறங்கள், போதும்.

அடுத்து, வாங்குபவர் மனத்தில் இருக்கும் பயம். ‘இதை நம்பி என் மென்பொருளைக் கட்டிவிட்டேன், நாளைக்கு இது காணாமல் போனால்?’ 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பொதியை (நிரல் பேக்கேஜை) அதை எழுதியவர் நீக்கினார். வெறும் 11 வரி. அதைச் சார்ந்திருந்த ஏராளமான மென்பொருள்களின் பில்ட் (நிரல்களைச் சேர்த்து மென்பொருளாக்கும் வேலை) உலகமெங்கும் நின்றுபோனது. அப்புறம்தான் என்பிஎம் நீக்கும் விதிகளை இறுக்கியது. நீங்கள் முதல் நாளே இறுக்குங்கள்: வெளியான வெர்ஷனை யாரும் மாற்றக் கூடாது. விற்பனையை நிறுத்தலாம், ஏற்கெனவே வாங்கியவருக்கு அது எப்போதும் கிடைக்க வேண்டும். திருத்தம் வந்தால் புது எண்ணில் வரட்டும்.

காணாமல் போவதைவிட மோசமானது கை மாறுவது. 2018-இல் என்பிஎம்மில் இருந்த ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியைப் பராமரிக்க முன்வந்த புதியவர் ஒருவர், பிட்காயின் வாலெட்களைத் திருடும் நிரலை அதற்குள் நுழைத்தார். பழைய உரிமையாளர் நல்லெண்ணத்தில்தான் சாவியைக் கொடுத்திருந்தார். அதனால் கணக்கு கைமாறினால் வாங்கியவர்களுக்குத் தெரிவியுங்கள்; புதியவரின் முதல் சில வெளியீடுகளை நீங்களே வரிவரியாகப் பாருங்கள். ரேட்டிங் இதைப் பிடிக்காது. அந்த நட்சத்திரங்கள் எல்லாம் பழையவர் சம்பாதித்தவை.

லைசென்ஸை விற்பவர் இஷ்டத்துக்கு விடாதீர்கள். இரண்டே வகை வையுங்கள்: ஒரு புராஜெக்டுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு விற்கும் மென்பொருளுக்குள் வைத்துக் கொடுக்க ஒன்று. ஜிபிஎல் (தன்னைச் சேர்த்து வெளியிடும் மென்பொருளின் மூல நிரலையும் தரச் சொல்லும் திறந்த மூல உரிமம்) நிரலை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்களா என்றும் சோதியுங்கள்.

சரி, விற்பவரே பதில் சொல்லாமல் போய்விட்டால்? காம்பொனென்டைச் சந்தையில் சேர்க்கும்போதே அதன் மூல நிரலின் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குறை தெரிவித்து 30 நாளில் பதில் இல்லையென்றால், வாங்கியவர்களுக்கு அந்தப் பிரதியைக் கொடுத்து அவர்களே திருத்திக்கொள்ள உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்குத் தயங்குபவரின் காம்பொனென்டை முதல் இருபதில் சேர்க்க வேண்டாம்.