கையெழுத்து போடாமல் இருந்தால் போதாதா?

கேள்வி: எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியில் காலை உணவு சமைக்க வந்திருப்பவர் பட்டியலினப் பெண். அவரை மாற்றச் சொல்லி எங்கள் தெருவில் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. "நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் கணவர். கையெழுத்து போடாமல் ஒதுங்கிக்கொண்டால் போதாதா? - ஒரு வாசகி

பதில்: போதாது சகோதரி. நீங்கள் ஒதுங்கியது மனுவில் தெரியாது. "ஊரே சொல்லுது" என்றுதான் தலைமையாசிரியரிடம் நீட்டுவார்கள். அந்த ஊரில் நீங்களும் அடக்கம்.

2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையத்தில், எதிர்ப்புக்குப் பணிந்து சத்துணவு சமையலரை இடமாற்றமே செய்துவிட்டார்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் உத்தரவு ரத்தானது. 2023-ல் எட்டயபுரம் பக்கம் உசிலம்பட்டியில் பிள்ளைகள் காலை உணவைத் தொடவில்லை. அமைச்சரும் எம்.பி.யும் வந்து கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அமைச்சர் தினமும் வரமாட்டார். மறுநாள் உங்கள் பிள்ளை தட்டோடு உட்கார வேண்டும்.

இந்தக் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர் மகளிர் சுய உதவிக்குழு உறுப்பினர். அவர் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. அம்மா கிண்டிய உப்புமாவைப் பக்கத்துப் பிள்ளை தள்ளிவைப்பதை அந்தக் குழந்தை அதே வரிசையில் இருந்து பார்க்கும். வம்பு என்று சொல்லும் கணவரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

உங்களை மைக் பிடிக்கச் சொல்லவில்லை. முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். அவரைக் கேட்காமல் புகார், பேட்டி என்று இறங்கிவிடாதீர்கள். அதன் பலனை முதலில் அனுபவிக்கப் போகிறவர் அவர்தான். பிறகு, "இந்த மனுவில் எனக்குச் சம்மதமில்லை, என் பிள்ளை பள்ளியில்தான் சாப்பிடும்" என்று இரண்டு வரி எழுதி, தேதி போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மேலதிகாரி கேட்டால் காட்ட அவருக்கும் ஒரு காகிதம் வேண்டுமே! முடிந்தால் இன்னொரு வீட்டாரையும் அழைத்துப் போங்கள். மனசுக்குள் புழுங்கிக்கொண்டு சும்மா இருப்பவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.

பங்காளிகள் முகம் திருப்பலாம், விசேஷத்துக்குக் கூப்பிடாமல் விடலாம். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் உங்களுக்கு வருத்தம்தான் மிச்சம். அந்தப் பெண்ணுக்குப் பிழைப்பே போகும். பட்டியலினத்தவரைச் சமூகப் புறக்கணிப்பு செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். மிரட்டல் வந்தால் வன்கொடுமைக்கு எதிரான தேசிய உதவி எண் 14566-ஐ அழைக்கலாம், கட்டணமில்லை. எண்ணை அந்தப் பெண்ணிடமும் கொடுத்து வையுங்கள்.