ரிஸ்க் ஆட்டத்தில் கணினி ஏமாற்றுகிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக வரைபடத்தில் படைகளை வைத்து, பகடை வீசி நாடுகளைப் பிடிக்கும் ரிஸ்க் ஆட்டத்தைக் கொஞ்ச காலமாகச் செல்பேசியில் ஆடிவருகிறேன். நேற்று சியாமில் எனக்கு நான்கு படைகள். பக்கத்தில் இந்தோனேசியாவில் கணினிக்கு ஒரே ஒரு படை. ஒன்றைக் காவலுக்கு விட்டுவிட்டு மூன்றால் தாக்கினேன். மூன்றும் வரிசையாகப் போய்விட்டன. இப்படி அடிக்கடி நடக்கிறது. ஒன்று, கணினி பகடையில் கள்ளாட்டம் ஆடுகிறது. இல்லையென்றால் எல்லாமே அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? இன்னொரு கேள்வி. கணினிகளை ஓரளவு ஜெயித்துவிடுகிறேன். மனிதர்களோடு ஆடினால் முதலில் வெளியேறுவது நான்தான். ஏன்?

க.

அன்புள்ள க.,

கணக்கைப் பார்த்துவிடலாம். பெரிய எண் விழுந்தவர் ஜெயிப்பார். மூன்று பகடையோடு ஒரு பகடையைத் தாக்கும்போது, சமமாக விழுந்தால் காப்பவருக்கே வெற்றி என்பதால், தாக்குபவர் தோற்க நூற்றுக்கு 34 வாய்ப்பு. தோற்றால் அடுத்து இரண்டு பகடைதான், தோல்வி வாய்ப்பு 42. அதிலும் தோற்றால் ஒற்றைப் பகடை, 58. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு எட்டு சொச்சம் வரும், அதாவது பன்னிரண்டில் ஒரு தடவை. ஒரு நீண்ட ஆட்டத்தில் இதுபோல ஒற்றைப் படைகளைப் பன்னிரண்டு தடவை தாக்குவது சாதாரணம். பன்னிரண்டிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 35 சதவீதம்தான். ஆகவே நேற்று நடந்தது பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு தடவையாவது நடக்க வேண்டியதே. நடக்காவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பகடையை வளைக்கும் ஆட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் நம் பக்கமாகத்தான் வளைக்கின்றன. 'சிவிலைசேஷன்' ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயர் 2010-இல் ஆட்ட வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்று திரையில் காட்டினால், நான்கில் ஒரு தடவை தோற்கலாம் என்பதே பொருள். ஆட்டக்காரர்கள் அதை ஏற்கவில்லை. தோற்றதும் உங்களைப் போலவே கோபப்பட்டார்கள். அதனால் கணக்கை அவர்களுக்குச் சாதகமாகத் திருத்தினார்கள். 'ரிஸ்க்: குளோபல் டாமினேஷன்' செயலியிலும் இரண்டு வகைப் பகடை உண்டு. 'ட்ரூ ரேண்டம்' என்பது கலப்படமில்லாத பகடை. 'பேலன்ஸ்டு பிளிட்ஸ்' பெரும்படையோடு போகிறவர் அநியாயமாகத் தோற்பதைக் குறைக்கிறது. நீங்கள் எதில் ஆடுகிறீர்கள் என்று அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நேற்றைய அந்தத் தாக்குதலுக்குள்ளேயே இருக்கிறது. முதல் இரண்டு இழப்புகள் அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது வீச்சு அப்படியல்ல. அந்த இடத்தில் ஆட்டம் உங்களை வற்புறுத்தவில்லை, நிறுத்தியிருக்கலாம். சியாமில் மீதி இரண்டு படைகள், ஜெயிக்க வாய்ப்பு 42 சதவீதம். ஜெயித்தால்கூட சியாமில் ஒன்று, இந்தோனேசியாவில் ஒன்று என்று இரண்டு நோஞ்சான் காவல்கள். சியாமுக்கு இந்தியா, சீனா இரண்டு பக்கமும் வாசல். அந்த முறையில் வேறு எந்த நாட்டையும் பிடிக்கவில்லை, பின்னால் படைகளாக மாற்றிக்கொள்ளும் சீட்டு வாங்க ஒரு நாடாவது வேண்டும் என்றால் அந்த வீச்சு நியாயமானதே. பலகையில் இந்தோனேசியாவும் சேர்ந்த ஆஸ்திரேலியக் கண்டம் முழுவதும் எதிரியிடம் இருந்து, அதற்காக அவருக்குக் கிடைக்கும் இரண்டு கூடுதல் படைகளைத் தடுக்க வேண்டும் என்றாலும் நியாயம். இரண்டும் இல்லை, கோபத்தில் வீசினீர்கள் என்றால் அது பகடையின் குற்றமில்லை.

ரிஸ்க்கில் அதிர்ஷ்டம் ஒவ்வொரு வீச்சிலும் இருக்கிறது. எத்தனை வீச்சு, எந்த இடத்தில், எத்தனை படையோடு, எங்கே நிறுத்துவது என்ற நான்கும் நம் கையில். மூன்று படைகள் மூன்று படைகளைக் கடைசிவரை தாக்கினால் தாக்குபவர் ஜெயிக்க வாய்ப்பு 47 சதவீதம். ஐந்துக்கு ஐந்து என்றால் 51. பத்துக்குப் பத்து என்றால் 57. அதே பகடை, அதே விதி. படையைப் பிரித்து நாலு எல்லையில் தூவி வைப்பவருக்கு இந்தச் சாய்வு கிடைப்பதே இல்லை.

பகடை இருந்தாலும் திறமைக்கு இடம் உண்டு என்பதற்கு, இருவர் பகடை வீசிக் காய் நகர்த்தும் பேக்கேமன் ஆட்டம் நல்ல சாட்சி. ஐபிஎம்மில் ஜெரால்ட் டெசாரோ 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே ஆடி அந்த ஆட்டத்தைக் கற்றது. அதன் ஆட்டத்தைப் பார்த்து, தலைசிறந்த ஆட்டக்காரர்களே சில தொடக்க நகர்வுகளை மாற்றிக்கொண்டார்கள். எந்தப் பகடை விழும் என்று அதற்கும் தெரியாது. எது விழுந்தாலும் சமாளிக்கும்படி காய்களை வைக்கத் தெரிந்தது.

செல்பேசியில் உங்கள் எதிரே இருக்கும் கணினி அந்த ரகமல்ல. இத்தகைய ஆட்டங்களின் கணினி எதிரிகள் பெரும்பாலும் சில விதிகளை வைத்து ஓடுபவை. நேற்று நீங்கள் செய்த துரோகத்தை அவை நினைவில் வைப்பதில்லை. நீங்கள் பெருத்துவிட்டீர்கள் என்று மற்ற இருவரோடு கண்ஜாடை காட்டுவதில்லை. ரிஸ்க்கை உருவாக்கியவர் ஆல்பர் லமோரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர். 1957-இல் வெளியானபோது அது மேசையைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்து ஆடும் ஆட்டம். பேரம், மிரட்டல், தற்காலிகக் கூட்டு எதுவும் விதிப்புத்தகத்துக்குள் இல்லை. ஆனால் ஆட்டத்தின் பாதி உயிர் அதில்தான். கணினிக்குத் தெரிந்தது விதிப்புத்தகம் மட்டும்.

நீங்கள் முதலில் வெளியேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சீட்டுகள் என்று நினைக்கிறேன். ஒருவரை ஒழித்தால் அவருடைய சீட்டுகள் ஒழித்தவருக்குப் போகும். மூன்று சீட்டு சேர்ந்த செட்டை மாற்றும்போது கிடைக்கும் படைகளோ 4, 6, 8, 10, 12, 15 என்று ஏறி, அப்புறம் ஐந்து ஐந்தாகக் கூடும். கையில் நான்கு சீட்டு, பலகையில் ஆறேழு படை என்று ஒருவர் நின்றால், அவர் மனிதர்களின் கண்ணுக்குக் கொழுத்த இரை. கணினிகளோடு ஆடிப் பழகியதில் இந்தப் பயம் உங்களுக்கு வரவில்லை. இனி ஒவ்வொரு முறையையும் முடிக்கும் முன் அண்டை ஆட்டக்காரரின் இடத்திலிருந்து உங்களைப் பாருங்கள். உங்களை ஒழிக்க அவர் எத்தனை படை இழக்க வேண்டும், உங்கள் சீட்டுகளால் அவருக்கு எத்தனை வரும்? வருவது அதிகம் என்றால், அந்த முறை எந்த நாட்டையும் பிடிக்கப் போகாமல் படைகளை ஒரே இடத்தில் குவித்து உட்காருங்கள்.