காற்று வருகிறது, குளிர் வரவில்லை

கேள்வி: ஏசியின் றிமோட்டை அழுத்தினால் 'பீப்' கேட்கிறது, உள்ளே காற்றும் வருகிறது. வெளிப்பெட்டி அசையவே இல்லை. தெர்மோஸ்டாட் பழுதா? (இன்வேர்ட்டர் இல்லாத ஏசி.)
- வாசகி, கிளிநொச்சி

பதில்: அவசரப்பட்டு அதன்மேல் பழி போடாதீர்கள். 'பீப்' கேட்டால் றிமோட்டும் பற்றரியும் சரி. திரையில் பனிப்பூ அடையாளம் இருக்கவேண்டும். விசிறி அடையாளம் என்றால் வெறும் காற்றுத்தான். 20 பாகைக்கு இறக்கிவிட்டு 5 நிமிடம் பொறுங்கள். கரண்ட் போய் வந்தால் கொம்பிரசர் (வெளிப்பெட்டியில் குளிர்வாயுவை அழுத்தும் மோட்டர்) ஏறத்தாழ 3 நிமிடம் தானாகவே தாமதிக்கும். இடையில் நிறுத்திப் போட்டால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

நீங்கள் சந்தேகிக்கும் தெர்மோஸ்டாட்டின் வெப்ப உணரி உள்பெட்டிக்குள், வடிகட்டிக்குப் பின்னால், கொக்கியில் மாட்டிய, பாசிமணி போன்ற சிறு பொருள். அது கழன்று குளிர்த்தகட்டில் பட்டால் ஏசி தொடங்கிச் சற்றில் நிற்கும்; உங்களுடையது தொடங்கவே இல்லை. உணரி செத்தால் பெரும்பாலும் உள்பெட்டியின் விளக்கு மினுங்கும்.

இனி வெளிப்பெட்டிக்குக் காது கொடுங்கள். 'உர்' என்று முனகி நின்றால் கப்பாசிற்றர் (கொம்பிரசர் தொடங்க உந்துதல் தரும் மின்தேக்கி) பலவீனம், அல்லது வோல்ற்றேஜ் குறைவு. அயலில் கிணற்று மோட்டர்கள் ஓடும் பின்னேரத்தில் மட்டும் இப்படியென்றால் இரவு பத்துக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். 230 வோல்ற் இருக்கவேண்டிய இடத்தில் 180 வந்தால் கொம்பிரசர் திணறும். ஒரு சத்தமும் இல்லையா? கொன்ராக்டரின் (கொம்பிரசருக்கு மின்னை இணைக்கும் தானியங்கிச் சுவிட்சின்) தொடுமுனைகளுக்கிடையே எறும்பு நசுங்கிக் கிடக்கலாம். மழை தொடங்கினால் எறும்பு இப்படி உலர்ந்த இடம் தேடும்.

வெளிப்பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். பிரேக்கரை இறக்கிய பிறகும் கப்பாசிற்றர் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். மெக்கானிக் மாற்றினால், பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோபராட் (µF) அளவா, வோல்ற்றேஜ் குறையவில்லையா என்று பார்த்து வாங்குங்கள்.