யூதர் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் என்ன பேச வேண்டும்?

“என் மேலதிகாரி யூதர். அவருடைய தாயார் இறந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாமா, மாலை வாங்கலாமா, என்ன பேசுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். மாலை, பூங்கொத்து எதுவும் வேண்டாம். அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறீர்கள், விசாரித்துக்கொள்ள நம்மவர் யாரும் பக்கத்தில் இல்லை என்று நினைக்கிறேன். நான் இஸ்ரேலில், ஹைஃபாவில், ருமேனியாவில் பிறந்த ஒரு யூதப் பாட்டியை அவர் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டவள். ‘ஷிவா’ என்னும் ஏழு நாள் துக்கம் நடந்த வீட்டிலேயே இருந்தேன்.

மறுநாளே அடக்கம். பெட்டி இல்லை, வெள்ளைத் துணியில் சுற்றி மண்ணில் இறக்கினார்கள். மகனுடைய சட்டையைக் கழுத்தோரத்தில் இடப்பக்கம் கத்தியால் கீறிவிட்டார்கள். மீதியை அவரே பிடித்துக் கிழித்தார். தாய் தகப்பனுக்கு என்றால் இதயம் இருக்கும் பக்கம்தான் கிழிக்க வேண்டுமாம். பிறகு ‘கதீஷ்’ சொன்னார். இறந்தவருக்காகச் சொல்லும் அந்த ஜெபத்தில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது; முழுக்கக் கடவுளைப் போற்றுவதுதான்.

வீடு திரும்பியதும் மேல்வீட்டு அம்மா அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். முதல் சாப்பாடு பிறர் தருவதாக இருக்க வேண்டும். நிலைக்கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, மகனும் மகளும் தாழ்வான முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. வந்தவர்கள் ‘ஷாலோம்’ என்ற வழக்கமான வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே வந்து அமர்ந்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசக் கூடாது. ஒரு முதியவர் வந்து மகனுக்கு எதிரே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மகன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, “அம்மா கிண்டிய மாமலிகா சாப்பிட்டிருக்கிறீர்களா?” என்று கேட்டார். அது மக்காச்சோள மாவுக் களி. அதிலிருந்து ஆரம்பித்துப் பாட்டியின் கதை முழுவதும் வந்தது. யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று வேதாகமத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஒழுங்குதான் இது.

“எல்லா யூதரும் இப்படியா?” என்று சண்டைக்கு வராதீர்கள். நான் ரபி, அதாவது யூத மதகுரு, இல்லை. மதப்பற்றுக் குறைந்த வீடுகளில் பலவற்றை விட்டுவிடுவார்கள். நான் கண்ட வீட்டைத்தான் சொல்கிறேன்.

தாய், தகப்பன், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவி, இவர்களுக்காகத்தான் ஷிவா இருப்பார்கள். எனக்கு அதில் இடமில்லை. ஆனாலும் மகள் என் கையைப் பிடித்து, “கடைசிவரை கூட இருந்தவள் நீ, இங்கே உட்கார்” என்று பக்கத்தில் உட்காரவைத்தாள். வந்தவர்கள் என்னிடமும் பாட்டியைப் பற்றிக் கேட்டார்கள். ஊரில் இதைச் சொன்னபோது, “சம்பளத்துக்குப் பார்த்தவளுக்கு என்ன துக்கம்? மதம் மாறிவிட்டாயா?” என்றார்கள். நான் மாறவில்லை. இரவெல்லாம் முதுகு தடவிக் கொடுத்த கைக்குத் துக்கம் இருக்காதா?

அதைவிடக் கொடுமை, அந்த ஏழு நாளுக்குள்ளேயே ஏஜென்ட் போன் செய்து, எப்போது அறையைக் காலி செய்வாய் என்று கேட்டது. இந்த வேலைக்கு வர என்னிடம் லட்சக்கணக்கில் வாங்கியவர்கள்! முதியவர் இறந்தால் எங்கள் வேலையும் அன்றோடு போய்விடும்; அடுத்த வீடு கிடைக்காவிட்டால் விசாவும் போய்விடும். அழக்கூட எங்களுக்கு அவகாசம் தருவதில்லை. இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் சொல்லிவிட்டேன்.

ஏதாவது கொண்டுபோக நினைத்தால் முழுப் பழங்கள் வாங்குங்கள். சமைத்த பண்டம் என்றால், யூத உணவு விதிப்படி செய்தது என்று காட்டும் ‘கோஷர்’ முத்திரை இருக்க வேண்டும். கிளம்பும்போது, “சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற மற்றவர்களோடு உங்களையும் கடவுள் தேற்றுவாராக” என்பார்கள். நீங்கள் “அம்மாவை நினைத்துக்கொள்கிறேன்” என்றாலே போதும். வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை சபாத் என்னும் ஓய்வுநாள், அப்போது போகாதீர்கள். அடக்க நாளையே முதல் நாளாக எண்ணுவார்கள், ஏழாம் நாள் காலையிலேயே ஷிவாவை முடித்து எழுந்துவிடுவார்கள். எனவே கடைசி நாள் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.