கிரேக்கர்களின் பெருமை எதில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

எகிப்தும் பாபிலோனும் கிரேக்கத்தைவிட மிகப் பழமையானவை. அப்படியிருக்க, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கிரேக்கர்களையே முன்னோடிகளாகச் சொல்வது ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

உங்கள் ஐயம் நியாயமானது. எழுத்தையே பினீசியர்களிடமிருந்து பெற்று, அதில் உயிரொலிகளுக்குத் தனி எழுத்துகளை அமைத்துக்கொண்டவர்கள்தான் கிரேக்கர்கள். பித்தகோரஸ் தேற்றம் என்று நாம் பள்ளியில் படிப்பதும், பித்தகோரஸ் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியருக்குத் தெரிந்திருந்தது; செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் எண்களை அவர்கள் களிமண் பலகையில் வரிசை வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். ஆனால், எல்லாச் செங்கோண முக்கோணங்களுக்கும் இது பொருந்தும் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்ற கேள்விக்கு, கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த நூலின் முதல் பகுதியில், 47ஆவது கூற்றாக விடை இருக்கிறது. அதற்கு முந்தைய படிகளில் எங்கே பிழை என்று படிப்பவர் எவரும் தேடிப் பார்க்கலாம். சொன்னவர் பெரியவர் என்பது அங்கே சான்றாகாது.

மருத்துவத்திலும் இதே மனப்பாங்கைக் காண்கிறோம். வலிப்பு நோயைத் தெய்வம் தருவது என்று மக்கள் அஞ்சியிருந்த காலத்தில், ஹிப்போகிரட்டீஸின் மரபில் வந்த நூல் ஒன்று, அது மற்ற நோய்களைவிடப் புனிதமானதன்று, மூளையில் தோன்றும் நோய், காரணம் அறியாததால்தான் மக்கள் அதைத் தெய்வத்தின்மேல் ஏற்றுகிறார்கள் என்று துணிந்து கூறியது. மூளையிலிருந்து இறங்கும் கபம் நாளங்களை அடைக்கிறது என்று அந்நூல் தந்த விளக்கம் பிழைதான். ஆனால் பிழை என்று பின்வருவோர் காட்டத்தக்க விதத்தில் அது சொல்லப்பட்டிருந்தது. கிரேக்கர்களின் தலையாய கொடை என்று நான் கருதுவது இதைத்தான்.

சங்க இலக்கியம் கூறும் யவனர் கிரேக்கர்தாமா?
– வாசகி, மதுரை

‘அயோனியர்’ என்ற கிரேக்கக் குழுவின் பெயரே கிழக்கே வந்து ‘யவனர்’ ஆயிற்று. அகநானூற்றில் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பும் யவனர், ரோமப் பேரரசின் காலத்தவர். ஆயினும் அந்த வணிகத்தில் கிரேக்க மொழியே வழங்கியது. முசிறிச் சரக்கு தொடர்பான கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று, பாபிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டு, இன்று வியன்னாவில் இருக்கிறது.

அடிமைகளை வைத்திருந்த ஏதென்ஸை மக்களாட்சியின் தாயகம் என்பது தகுமா? அவர்களுடைய குணம்தான் எத்தகையது?
– வாசகர், திருநெல்வேலி

பெண்களுக்கும், குடியேறிய அயலாருக்கும், லாரியம் வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்து மாண்ட அடிமைகளுக்கும் அந்த ஆட்சியில் குரல் இல்லை. இதை மழுப்பக் கூடாது. ஆனால் குடியுரிமை பெற்ற ஆடவர்க்குள், செருப்புத் தைப்பவரும் செல்வரும் ஒரே அவையில் கையுயர்த்தி வாக்களித்தார்கள். 500 பேர் கொண்ட ஆட்சிக்குழுவைக் குடவோலை போலக் குலுக்கலில் தேர்ந்தார்கள்.

அவர்களுடைய குணத்தை அறிய, கி.மு. 427இல் நடந்த ஒரு நிகழ்ச்சியே போதும். லெஸ்போஸ் தீவிலுள்ள மிட்டிலீனி நகரம் கலகம் செய்து பணிந்தபோது, அங்குள்ள ஆடவர் அனைவரையும் கொல்ல வேண்டுமென்று ஏதென்ஸின் அவை சினத்தில் முடிவெடுத்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஊருக்கே மனம் உறுத்தியது. அவை மீண்டும் கூடியது. தண்டனை நிலைக்க வேண்டுமென்று கிளியோனும், கூடாதென்று டியோடோட்டஸும் வாதாடினார்கள். இரக்கத்தை முன்னிறுத்தாமல், இந்தக் கொலை ஏதென்ஸுக்கே நன்மை தராது என்று காட்டி டியோடோட்டஸ் நூலிழையில் வென்றார். ஒரு பகல் ஓர் இரவு பிந்திப் புறப்பட்ட இரண்டாம் கப்பலில், துடுப்பை விடாமலே மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டு, முறைவைத்துத் தூங்கி வலித்தார்கள். முதல் ஆணையைத் தளபதி படித்து முடித்து, நிறைவேற்றவிருந்த வேளையில் இவர்கள் கரைசேர்ந்தார்கள் என்று அக்கால ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். நகரம் பிழைத்தது, எனினும் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று 1,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டதையும் அவரே மறைக்காமல் பதிவு செய்கிறார். கி.மு. 416இல் மீலோஸ் தீவின் ஆடவர்களைக் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றபோது, இரண்டாம் கப்பல் எதுவும் புறப்படவில்லை. இரண்டையும் செய்தவர்கள் அதே மக்களே.

கிரேக்க நாடகங்களில் உங்களை மிகவும் நெகிழ வைத்தது எது?
– வாசகி, கோயம்புத்தூர்

எஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’. கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸைக் கொளுத்தினார்கள்; அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் தோற்றார்கள். எட்டே ஆண்டுகள் கழித்து, அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள் பார்வையாளர்களாக அமர்ந்திருக்க, எஸ்கிலஸ் மேடையேற்றியது தோற்ற நாட்டின் அரண்மனையை. மகனுக்காக ஏங்கும் பாரசீக அரசியும், மாண்ட வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் புலம்பும் முதியவர்களும்தான் அங்கே பேசுகிறார்கள். கிரேக்க வீரன் ஒருவனுடைய பெயர்கூட நாடகத்தில் இல்லை. அவ்வாண்டுப் போட்டியில் ஏதென்ஸ் அதற்கே முதல் பரிசை அளித்தது.